கைக்கு டூப்

சினிமாவில் கைக்குத் தனியாக மேக்கப் போடுவார்கள் என்று பேச்சியம்மாளுக்கு இன்று காலை வரைக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு மருதாணி வைத்ததோடு சரி, அதற்கப்புறம் இந்தக் கையை ஒருத்தர் எடுத்துத் துண்டின் மேல் வைத்துக்கொண்டு இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததே கிடையாது. மேக்கப்காரர் வலது மணிக்கட்டுக்கு மேலே இருந்த தழும்பைத் தடவிப் பார்த்து, "எண்ணெயா மேடம்?" என்று கேட்டார். அப்பளம் பொரிக்கையில் தெறித்தது. அதன்மேல் ஏதோ ஒரு பசையைப் பூசினார், பசையின் மேல் இன்னொன்றைப் பூசினார், தழும்பு போன இடம் தெரியவில்லை. நகத்துக்குக் கதாநாயகி போட்டிருக்கும் அதே மெரூன் பாலிஷ், விரலில் கதாநாயகியின் மோதிரம், மணிக்கட்டில் கதாநாயகியின் வாட்ச். ஆக முழங்கைக்குக் கீழே அவள் நேஹா, வங்கியைக் கொள்ளையடிக்க வந்த கும்பலைக் கம்ப்யூட்டரிலேயே மடக்கப்போகிற பெண். முழங்கைக்கு மேலே மடிப்பாக்கத்து பேச்சியம்மாள், இரண்டாம் வகுப்பு ஆதிரையின் அம்மா, ஆறு வருஷமாக வீட்டில் இருக்கிறவள். நடுவில் ஒரு சட்டைக் கை, அதுவும் நேஹாவுடையதுதான், அக்குளில் பிடிக்கிறது.

கீழ் வீட்டு ஆல்வின்தான் இழுத்துக்கொண்டு வந்தது. அவன் இந்தப் படத்தில் உதவி டைரக்டர். கதாநாயகிக்கு இதே வாரத்தில் பாட்டு ஷூட்டிங் இருக்கிறதாம், அதற்காக ஒட்டின நீள நகத்தோடு அவள் கீபோர்டைத் தட்டினால் கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி இருக்கிறதாம். டைரக்டரின் போன படத்தில் இப்படித்தான் ஒரு நடிகை ஒரே சாவியைத் திரும்பத் திரும்ப அடித்ததை யாரோ வெட்டி எடுத்துப் போட்டு, ஊரே பார்த்துச் சிரித்துவிட்டது. "நிஜமான விரல் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்க்கா. நீங்க முன்ன ஐடில இருந்தீங்கல்ல. பத்து மணிக்குள்ள விட்டுருவாங்க" என்றான். பத்து மணியாம். இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவிய தண்ணீரும் காய்ந்துவிட்டது. இன்றைக்கென்று பார்த்து அந்த ஃபோன் வேறு வரும். வேலையை விட்டுப்போன பெண்களைத் திரும்ப எடுக்கிறோம் என்று ஒரு கம்பெனி அறிவித்திருந்தது, எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டாள், இனி இன்டர்வியூ எடுக்கிற பேனல் ஃபோனில் பேசும், மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஆறு வருஷம் என்ற இடத்துக்கு வந்ததுமே பேச்சு ஒரு மாதிரி இளகி முடிந்துவிடும். இவ்வளவு தூரம் வந்தது இது ஒன்றுதான். இதுவும் போனால் இனிமேல் ஒரு கதவையும் தட்ட மாட்டேன் என்று சண்முகவேலிடம் சொன்னாள், அவன் சரி என்றான். புருஷன் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லியிருக்க வேண்டாம். ஃபோனைச் சத்தமில்லாமல் அதிர மட்டும் வைத்து இடது தொடைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள். ஃபோன் வந்தால் ஷாட் நடுவிலேயே எழுந்து போய்விடுவேன் என்று ஆல்வினிடம் சொல்லியும் வைத்தாயிற்று.

"இந்த ஆறு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" அங்கேதான் ஆரம்பிப்பார்கள். எல்லா இடத்திலும் அங்கேதான் ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு பதிலை மனசுக்குள் கட்டுவாள், கட்டிய கையோடு அது சரிந்துவிடும். குழந்தையைப் பார்த்துக்கொண்டேன் என்றால், அப்படியானால் இனிமேல் யார் பார்ப்பார்கள் என்று வரும். படித்துக்கொண்டிருந்தேன் என்றால் என்ன படித்தீர்கள் என்று வரும். கூட வேலை பார்த்த ரெஜினா, "ஃப்ரீலான்ஸ்னு அடிச்சு விடுடி, எவன் வந்து பாக்கப்போறான்" என்கிறாள். பொய் சொன்னால் பேச்சிக்குக் காது சிவந்துவிடும், ஃபோனில் காது தெரியாதுதான், இருந்தாலும் சிவந்துவிடும். என்ன பண்ணிட்டிருந்தீங்க. என்னமோ பண்ணிக்கொண்டுதான் இருந்தேன், ஒரு நாளாவது உட்கார்ந்தேனா. மாவு ஆட்டினேன், மூக்கு சிந்திவிட்டேன், சளிக்கும் காய்ச்சலுக்கும் ராத்திரி பகல் பார்த்தேன், அசோசியேஷன் மீட்டிங்கில் தண்ணீர் லாரிக்காகத் தொண்டை கட்டக் கத்தினேன். இதையெல்லாம் எந்த பேனலாவது பண்ணினது என்று ஒத்துக்கொள்ளுமா. இது போதாது என்று நாத்தனார் மகன் வேறு, காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான், போன வாரம் சோபாவில் படுத்துக்கொண்டே, "இப்ப யாரு அத்தை கோட் எழுதுறா, மெஷினே எழுதிருமே" என்றான். அவனுக்கு அது ஒரு செய்தி, சொல்லிவிட்டு முறுக்கு கடித்தான். அவளுக்கு அப்படி இல்லை. ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்க மூச்சு வாங்க ஓடிவந்தால், பஸ் விடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று எவனாவது சொன்னால் எப்படி இருக்கும்.

லைட்டிங் இன்னும் முடியவில்லை. "அஞ்சே நிமிஷம்க்கா" என்று ஆல்வின் சொல்லிவிட்டுப் போனான், சினிமாக்காரர்களின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். இது ஆபீஸ் செட்டாம். சுவரெல்லாம் நீல வெளிச்சம், கண்ணாடித் தடுப்புகள், ஒரு பலகையில் யாரோ பத்தாங்கிளாஸ் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதின சூத்திரங்கள். இப்படி இருட்டில் உட்கார்ந்து எந்த ஊரில் வேலை பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. அவள் வேலை பார்த்த சோழிங்கநல்லூர் ஆபீஸில் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும், எலுமிச்சஞ்சாதமும் ரூம் ஸ்ப்ரேயும் கலந்து ஒரு வாசனை அடிக்கும், ஏசிக்குப் பயந்து பாதிப் பேர் சால்வை போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருப்பார்கள். சினிமாவில் ஐடி பெண் என்றால் கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு காபி, லிஃப்டில் ஹீரோ. அட்டையைக் காட்டுவார்கள், லிஃப்டைக் காட்டுவார்கள், வேலையை மட்டும் காட்ட மாட்டார்கள். வேலையைக் காட்டினால் அவள் கொள்ளைக் கூட்டத்தைப் பிடிக்கிறவள், கறுப்புச் சட்டை, கண்ணாடி, பச்சை எழுத்து மழையாகக் கொட்டும். இரண்டுக்கும் நடுவே ஒருத்தி கிடையாது. மூன்று நாளாக ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறவள், தேடியபடியே தயிர்சாதம் சாப்பிடுகிறவள், கடைசியில் கண்டுபிடித்து யாரிடமும் சொல்லாமல் தனக்குள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள், அவளை ஒரு படத்திலும் காணோம். அவளுக்குப் பேச்சியம்மாள் என்று பேரும் வைக்க மாட்டார்கள். அமெரிக்கக்கார மேனேஜர் அவளைப் பெட்சி என்றுதான் கூப்பிடுவார், நல்ல மனுஷன். ஆல்வின் காலையில் காட்டிய காகிதத்தில் இந்தக் காட்சி இப்படி இருந்தது: நேஹா வேகமாகத் தட்டுகிறாள், திறக்கவில்லை, கண் கலங்குகிறாள், ஹீரோ ரிஷி பின்னால் வந்து தோளில் கை வைத்து, கொள்ளைத் தலைவனின் அம்மா பேரைப் பாஸ்வேர்டாகப் போட்டுப் பார் என்கிறான், போடுகிறாள், திறக்கிறது. இத்தனை விரலும் ஒருத்தன் வந்து ஒரு பேர் சொல்வதற்கா என்று கேட்க நினைத்தாள். வந்தது கைக்கு, வாய்க்கு இல்லை.

குறை சொல்லவும் அவளுக்கு வாய் கிடையாது, ஏனென்றால் அவளே ஒரு சினிமாவைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தவள். படத்தின் பேரைச் சொல்ல வேண்டாம், பேர் சொல்கிற அளவுக்கு அது ஓடவும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் பத்தாங்கிளாஸ் லீவில் அப்பா கூட்டிக்கொண்டு போனார். அப்பா பஸ் கண்டக்டர், நின்று நின்றே காலில் நரம்பு சுருண்டவர், வார ஓய்வு நாளில் தியேட்டரில் உட்கார்வதுதான் அவருக்கு உட்கார்வது. படத்தில் ஒரு காட்சி. இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கம்ப்யூட்டர் அறைக்குள் வருவார், அங்கே கதர்ச் சேலை கட்டின ஒரு பெண் தட்டிக்கொண்டிருப்பாள், இன்ஸ்பெக்டர் என்னமோ கேட்பார், அவள் தலையைத் தூக்காமலே இருங்க என்பாள், அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். காமிரா அவள் கைக்குப் போகும். அவ்வளவுதான், இரண்டு நிமிஷம் இருக்குமோ என்னவோ. அதற்குப் பிறகு அவள் படத்திலேயே வர மாட்டாள். அப்பா பேச்சியின் காதுப் பக்கம் குனிந்து, "ஏ பேச்சி, பாத்தியா, உக்காந்துக்கிட்டே வேலை பாக்கா. போலீஸ்காரனே நிக்கான்" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையை அதுவரைக்கும் அவள் கேட்டதில்லை. அவளோ அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். பத்து விரலும் தனித்தனியாக யோசிக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மியின் மேல், பாயின் மேல், தம்பி முதுகின் மேல் தட்டிப் பார்த்தாள், தம்பி அழுதான். என்ன படிக்கப்போகிறாய் என்று யார் கேட்டாலும் அன்றிலிருந்து கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டரை அதுவரை அவள் தொட்டதுகூட இல்லை.

"அக்கா, போலாமா" என்று ஆல்வின் குரல் கொடுத்தான், விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, காமிரா அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. லேப்டாப் நிஜமான லேப்டாப், ஆர்ட் டிபார்ட்மென்டில் ஒருவருடைய தம்பி காலேஜில் இதே படிப்பாம், அவனுடையது. திரையில் என்ன எழுதினாலும் கவலையில்லை, அதைப் பிறகு கிராஃபிக்ஸில் பச்சையாக மாற்றிக்கொள்வார்கள், உங்கள் விரல் போனால் போதும் என்றார் டைரக்டர், ஒல்லியான பிள்ளை, தூங்கி இரண்டு நாள் ஆன முகம். தட்டினாள். என்ன தட்டுவது என்று தெரியாமல் நாளைக்கு வாங்க வேண்டிய காய்களைத் தட்டினாள். கத்தரி, முருங்கை, சேனை. "கட்" என்றார் டைரக்டர். மானிட்டரில் எதையோ இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, உங்க இடது சுண்டுவிரல் நடுநடுவுல ஒரு வெட்டு வெட்டுது, அது என்ன?" என்று கேட்டார். அவளுக்கே புரியவில்லை, பிறகு புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எழுதினதைப் பத்திரப்படுத்துகிற சாவி. கரன்ட் போய்விட்டால், மெஷின் நின்றுவிட்டால், எழுதினதெல்லாம் போய்விடுமே என்ற பயத்தில் நாலு வரிக்கு ஒருதரம் அந்த விரல் தானாக அமுக்கிவிடும், எல்லாருக்கும் உள்ள வியாதிதான். கத்தரி முருங்கையைப் போய்ப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். டைரக்டருக்குச் சிரிப்பு வரவில்லை, கதாநாயகியை வைத்து எடுத்த ஷாட்டில் இந்த வெட்டு இல்லை, ஒட்டாது, கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் இன்னொன்று, நடுவில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் படம் நின்றுபோன மாதிரி இருக்கும், சும்மா அடித்துக்கொண்டே இருங்கள். சரி தம்பி என்றாள். காமிராவில் ஏதோ லென்ஸ் மாற்ற வேண்டும் என்று மறுபடியும் எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள்.

நிறுத்தாமல் அடிப்பது. இந்த ஒரு வார்த்தை அவளை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. வேலையில் சேர்ந்த முதல் வருஷம் அவளைத் தின்ற பயமே அதுதான். பக்கத்து நாற்காலி ரெஜினாவும் நிறுத்தி நிறுத்தித்தான் எழுதினாள், எல்லாரும் நாலு வரி எழுதிவிட்டு மோட்டுவளையைப் பார்த்தார்கள், ஆனால் அவள் கண்ணுக்குத் தான் நிறுத்துவது மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கதர்ச் சேலைக்காரி நிறுத்தவே இல்லையே. அப்படியென்றால் எனக்கு மண்டையில் சரக்கு இல்லை, எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டேன், ஒரு நாள் கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள். டீம் லீட் முதுகுப் பக்கமாக நடந்து வந்தால் போதும், பேச்சியின் விரல்கள் எதையாவது தட்ட ஆரம்பிக்கும், அவர் தாண்டிப் போனதும் தட்டினதையெல்லாம் அழிப்பாள். யோசிப்பதுதான் வேலை, தட்டுவது அதை எழுதி வைப்பதுதான் என்று அவளுக்கு உறைக்க வருஷக்கணக்கு ஆயிற்று. அதைச் சொல்லித்தர ஒரு சினிமாவும் இல்லை. இன்னொன்றும் அந்தப் படத்தில் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இருந்ததா, இருந்தால் யார் பார்த்துக்கொண்டார்கள், ஆபீஸில் பால் கட்டி மார்பு கனத்தால் அவள் எங்கே போனாள், பேச்சி போனது பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை, தாழ்ப்பாள் சரியாக விழாது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாரும் போ என்று சொல்லவில்லை. சண்முகவேல்கூட, கொஞ்ச நாள்தானே, பிள்ளை நடக்கிற வரைக்கும் என்றுதான் சொன்னான். அவளும் கொஞ்ச நாள்தானே என்றுதான் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடிந்து ஆறு வருஷம் எப்போது ஆரம்பித்தது என்று யாராவது காட்டினால் தேவலை.

மெரூன் நகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அப்போதுதான் அது தோன்றியது, இவ்வளவு நேரம் தோன்றாமல் இருந்ததுதான் ஆச்சரியம். அந்தக் கை. கதர்ச் சேலையின் கை. அது யாருடைய கை? அந்த நடிகை பிற்பாடு சீரியல்களில் மாமியாராக வந்தார், அவர் கரண்டி பிடிக்கிற கையைப் பேச்சி பார்த்திருக்கிறாள், பருத்த குட்டை விரல்கள். படத்தில் இருந்தவை நீளம். டூப். அதுவும் டூப்தான். எங்கேயோ ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருப்பார்கள், சீக்கிரம் விட்டுவிடுவோம் என்று அவளுக்கும் சொல்லியிருப்பார்கள், அவளும் தழும்பை மறைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் காத்திருந்து தட்டிவிட்டுப் போயிருப்பாள், ஒருவேளை கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாமல். அவள் தட்டிய தட்டில் அம்பாசமுத்திரத்தில் ஒருத்தியின் தலையெழுத்து மாறிப்போனது அவளுக்குத் தெரியவே தெரியாது. பேச்சிக்குக் கோபம் வரும்போல இருந்தது, வரவில்லை. ஏமாந்துவிட்டோமே என்று இருந்தது, அதுவும் நிற்கவில்லை. கை பொய்யென்றாலும் எனக்கு வந்த ஆசை பொய்யில்லையே, நான் எழுதின கோட் ஓடத்தானே செய்தது, எத்தனையோ பேர் வீட்டு கரன்ட் பில்லை அது இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் சட்டென்று வேறொரு எண்ணம், அது வந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. இந்தப் படமும் எங்கேயாவது ஓடும். எவளாவது ஒரு பெண் இந்தக் கையைப் பார்ப்பாள். நிறுத்தாமல் தட்டுகிற கையைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு நாள் தான் மட்டும் நிறுத்துகிறோமே என்று பயந்து சாவாள். அந்தப் பாவத்தை நான் ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சி நினைத்தாள்.

கதாநாயகி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், இருபத்து மூன்று வயசுகூட இருக்காது, ஒட்டின நகத்தோடு ஜூஸ் டப்பாவைப் பிடிக்கவே பாடுபட்டாள். தன்னுடைய மோதிரத்தை இன்னொருத்தி விரலில் பார்த்து, "நம்ம கை ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்குதுங்க" என்றாள். பிறகு, "நெஜமாவே இவ்ளோ வேகமா அடிப்பீங்களா அக்கா?" என்று கேட்டாள். பேச்சிக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. "இல்லம்மா. முக்காவாசி நேரம் கை சும்மாதான் இருக்கும்." "சும்மான்னா?" "யோசிச்சிக்கிட்டு இருப்போம்." அந்தப் பெண் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு, "அதை எப்படிங்க நடிக்கிறது? எனக்கு இந்தப் படத்துல ரெண்டே வேலைங்க. கண்ணாடி போட்டா கம்ப்யூட்டர், கழட்டினா பாட்டு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "நானும் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங்தானுங்க, மூணாவது வருஷத்தோட விட்டுட்டேன். நல்லாத்தான் எழுதுவேன்" என்றாள். அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார். பேச்சி, இந்தப் பெண் பக்கத்தில் இருந்த தைரியத்தில், "தம்பி, எதையாவது நிஜமாவே எழுதட்டுமா? அப்பத்தான் கை சரியாப் போகும்" என்றாள். அவருக்கு அலுப்பு, இந்தக் கை ஷாட் முடிந்தால் போதும் என்ற நிலை. "என்னவோ எழுதுங்கக்கா, ரொம்ப நேரம் ஓட விடுறேன், வேணுங்கறதை வெட்டிக்கறேன்" என்றார்.

எதை எழுதுவது. காமிரா ஓட ஆரம்பித்துவிட்டது. வேன். வேறெது, ஆதிரையின் ஸ்கூல் வேன்தான், இரண்டு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மனசில் ஓடுகிற வேன். பதினொரு வீடு, முதலில் ஏறுவது ஆதிரை, ஸ்கூலுக்கு நேரே போனால் வேனில் ஏழெட்டு நிமிஷம்தான், பிள்ளை ஊரெல்லாம் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டு போகிறது. வேன்காரர் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து ஆரம்பிக்கிறார், அவருக்கு அதுதான் சுளுவு. எந்த வரிசையில் போனால் ரொம்ப நேரம் உட்காருகிற பிள்ளை குறைச்சலான நேரம் உட்காரும். வீடுகளை எழுதினாள், ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் எவ்வளவு நேரம் என்று எழுதினாள், அதெல்லாம் போய்ப் போய் மனப்பாடம். பதினொன்றையும் எல்லா மாதிரியும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதா, அது பெரிய காடு, இரு. ரொம்ப நேரம் உட்காருகிற பிள்ளை யார். எப்போதும் முதலில் ஏறுகிற பிள்ளைதான். அட, அவ்வளவுதானே. வேன் காலியாக எவ்வளவு தூரம் ஓடினால் யாருக்கு என்ன, முதல் பிள்ளை ஏறினதிலிருந்து ஸ்கூல் வரைக்கும்தான் கணக்கு. அப்படியென்றால் வேன்காரர் வீட்டிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறாய், ஸ்கூலிலிருந்து ஆரம்பி, பின்னாலேயே போ. கடைசி வீடு எது, அதற்கு முந்தின வீடு எது. விரல்கள் போயின. தொடைப் பக்கம் ஏதோ அதிர்ந்தது, கை போய் அதை அமுக்கிவிட்டு வந்தது. பின்னால் போகப்போக நீளுகிற வழியை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம், இதுவரை எது குறைச்சலோ அதை மட்டும் வைத்துக்கொள். ஓட்டிப் பார்த்தாள், விடை தப்பு, இருபது நிமிஷம் என்கிறது, அது எப்படி முடியும், பறந்துதான் போகணும். கை நின்றுவிட்டது. நிற்கட்டும். எங்கே தப்பு. போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்று என்று வைத்துவிட்டேனா. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அந்த ரோடு ஒரு பக்கம்தான் போகும், திரும்பி வர ஊரைச் சுற்றணும். மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும் அமுக்கினாள், யார்றா அது இந்த நேரத்தில். போகிறதற்கு ஒன்று, வருகிறதற்கு ஒன்று, தனித்தனியாக வை. பின்னாலிருந்து வருவதால் திசை தலைகீழாக இருக்கும், அதையும் திருப்பு. யாரோ இருமினார்கள். எங்கேயோ வெளிச்சம் சுட்டது. இன்னொரு தடவை அதிர்ந்தது, அதையும் அணைத்தாள். ஓட்டினாள். பள்ளிக்கரணை முனை வீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது, அங்கே இருக்கும் அண்ணன் தங்கைக்கு முப்பத்தைந்து நிமிஷம், அதுதான் ஆக அதிகம். ஆதிரை ஏழாவது. பன்னிரண்டே நிமிஷம். பிள்ளை பன்னிரண்டு நிமிஷத்தில் ஸ்கூலில் இருக்கும். பேச்சி திரையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது விளக்குகள் பாதி அணைந்திருந்தன. டைரக்டர் கட் சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்றோ, ஆல்வின் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். டைரக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நல்லா வந்திருக்குக்கா. ஆனா நடுவுல ரொம்ப நேரம் கை சும்மா இருந்துச்சு, அதையெல்லாம் எடிட்ல தூக்கிடலாம். மூணு தடவை இடது கை ஃப்ரேமை விட்டே போயிருச்சு" என்றார். "அது சும்மா இல்ல தம்பி, அதுதான் வேலை. அதுல கொஞ்சமாவது விட்டு வைங்க" என்று பேச்சி சொன்னாள், சொன்ன பிறகுதான் தன் வாய்தானா என்று இருந்தது. பாக்கலாம்க்கா என்றார் அவர், வெட்டத்தான் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கதாநாயகி மட்டும் எழுந்து போகாமல் லேப்டாப் திரையைக் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். இடது கை எங்கே போயிற்று என்று பேச்சி அதற்கப்புறம்தான் யோசித்தாள். யோசித்ததுமே கை தொடைப் பக்கம் போனது. ஃபோனை எடுத்துப் பார்த்தாள். மூன்று அழைப்பு. ஒன்றும் தவறிப்போன அழைப்பு இல்லை, மூன்றையும் அவளே துண்டித்திருக்கிறாள். ஆபீஸில் பழகின கை. ஒரு தப்பைத் துரத்திக்கொண்டிருக்கும்போது எந்த ஃபோன் அதிர்ந்தாலும், யார் என்றுகூடப் பார்க்காமல் நெரித்துப் போடுகிற கை. ஆறு வருஷம் சும்மா கிடந்துவிட்டு, வந்து வந்து இன்றைக்கா அதற்கு ஞாபகம் வர வேண்டும். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுக்காமல் வெளியே ஓடினாள்.

ஜெனரேட்டர் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள், ஹெச்ஆரில் இருந்து ஃபர்ஸானா என்று சின்னக் குரல். "மேம், மூணு தடவை ட்ரை பண்ணினோம். மூணு தடவையும் நீங்களே கட் பண்ணிட்டீங்க. பேனல் அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க மேம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, மரியாதையாகச் சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல், டவர் கிடைக்கவில்லை, வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள், எல்லாப் பொய்யும் எப்போதும் தயாராக நிற்கும் வரிசையில் வந்து நின்றது, எல்லாம் வீட்டைச் சுற்றின பொய்யாகவே இருந்தது. "சாரிம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இரக்கமாக இருந்திருக்க வேண்டும். "இன்னொரு தடவை டைம் குடுக்கச் சொல்லி நான் கேட்டுப் பாக்கறேன் மேம். ஒத்துக்குவாங்களான்னு உறுதியா சொல்ல முடியாது. ஏன் எடுக்கலைன்னு காரணம் போட்டு அனுப்பணும். பர்சனல்னு போட்டுரவா? பொதுவா லேடீஸுக்கு அதுதான் போடுவோம்" என்றாள். பர்சனல். அந்த ஒரு வார்த்தைக்குள் மாவு ஆட்டினதும், தாழ்ப்பாள் விழாத அறையும், கொஞ்ச நாள்தானே என்றதும், ஆறு வருஷமும் சௌகரியமாக மடங்கிப் படுத்துக்கொள்ளும். எவ்வளவு சுலபம், ஆமாம் என்றால் போதும். ஜெனரேட்டர் இரைச்சலில் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், வெயிலுக்குக் கையில் பூசின பசை வேர்த்து ஒழுகியது.

"வேண்டாம்மா" என்றாள் பேச்சி. "வேலையில இருந்தேன்னு போடுங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டு நின்றது. "உங்க ரெஸ்யூமேல ஆறு வருஷம் கேப்னு இருக்கே மேம். அப்படிப் போட்டா என்ன வேலைன்னு பேனல் கேப்பாங்களே."

"கேக்கட்டும்மா. கேட்டா சொல்றேன்."